விளக்கு எரிந்தது, லாரி கிளம்பவில்லை

சேசு மரி சூசை துணை

பாலோ
4 மார்ச் 1935

என் பிரியமுள்ள டொரத்திக்கு,

நீ மூவாருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாசாமி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் அண்ணன் கிரகோரி உன்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனதைக் கோவில் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வாரமோ பத்து நாளோ இருந்துவிட்டு வருவாய் என்று நினைத்தேன். இப்போது மாசி முடியப்போகிறது. ஒரு வரி இல்லை. உனக்கு என்மேல் கோபம் இருக்கலாம். அதற்காக, நான் சாப்பிடுகிறேனா, எனக்குக் காய்ச்சல் கண்டதா என்று கூடவா கேட்கக்கூடாது?

அந்தச் சாயங்காலம் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய். நம் பிள்ளை ரோசலியின் தொண்டையைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் சொன்னார், "இது தொண்டை அடைப்பான். ஊசி குளுவாங் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. உடனே கொண்டு போங்க, நிக்காதீங்க." துரை ஊரில் இல்லை. கிராணியும் தடை சொல்லவில்லை. "லாரிய எடுத்துக்கிட்டுப் போ, மரியநாதா. துரை வந்தா நான் பேசிக்கிறேன்" என்றார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை ஏற்றி, ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை ஓரத்தில் லாரி தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து செல்பை மிதித்தேன். சத்தமே இல்லை. முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். கை கன்றியதுதான் மிச்சம். ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். பின்சக்கரம் பள்ளத்தில் இருந்ததால் அசையவில்லை. ஆனால் விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிந்தது.

மறுநாள் காலையில், பிள்ளையின் பெட்டியை வைக்க வேண்டும் என்று சரக்கை இறக்கினார்கள். துரை வந்து தானே ஏறி மிதித்தார். ஒரே மிதியில் கிளம்பியது. டொரத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நான் செத்துப்போனேன்.

அன்றிலிருந்து லயத்து வீடுகளில் வாய் ஓயவில்லை. "விளக்கு எரியிற லாரி எப்படிக் கிளம்பாமப் போகும்? சரக்கோட கொண்டு போனா துரை திட்டுவாருன்னு பயந்துட்டான்" என்று என் காது கேட்கவே பேசுகிறார்கள். கிரகோரியும் கல்லறையில் வைத்து அதையே கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அந்த லாரியில் ஏதோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து உன் கண்முன் வைக்காமல் விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு மறவாத,
மரியநாதன்


மூவார்
19 மார்ச் 1935

மரியநாதன் அவர்களுக்கு டொரத்தி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகும். சாப்பிடுகிறேன், எழுந்து நடமாடுகிறேன். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. அண்ணனின் மரக்கடையில் நாற்காலிகளுக்கு மெத்தை உறை தைக்க ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் என் தையல் மெஷினை பஸ்ஸில் போட்டு அனுப்பிவையுங்கள். பிள்ளையின் துணிகளை அனுப்ப வேண்டாம். அவற்றைப் பக்கத்து வீட்டுக் காளியம்மாவிடம் கொடுங்கள். அவளுடைய பேத்திக்கு அளவு சரியாக இருக்கும்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் சொல்வதற்கு நான் பொறுப்பல்ல. லாரி கிளம்பாததை நானும் என் கண்ணால் பார்த்தேன். ஆகையால் அதைப் பற்றி எனக்கு எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இரவில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுங்கள். போன மழையில் நம் வாசல் பக்கம் பாம்பு வந்தது நினைவிருக்கட்டும்.

டொரத்தி


பாலோ
11 ஏப்ரல் 1935

என் பிரியமுள்ள டொரத்திக்கு,

மெஷினைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வந்து சேர்ந்ததற்கு ஒரு வரி போடு. துணிகளைக் காளியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். அவளும் மற்றவர்களைப் போலத்தான் நினைக்கிறாள்.

லாரி விஷயம் ஒரு முடிவுக்கு வராமல் இழுக்கிறது. துரை புது பேட்டரி வாங்கிக் கொடுத்தார். அதையும் போட்டேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. போன செவ்வாய்க்கிழமை சரக்கேற்றி நிறுத்திவிட்டு, கணக்குக் கொடுத்துவிட்டு வந்து மிதித்தால் அதே கதை. விளக்கு எரிகிறது, செல்ப் ஊமை, ஹாண்டிலுக்கும் மசியவில்லை. ஓடிப்போய்க் கிராணியைக் கூட்டி வந்தேன். "இப்பப் பாருங்கய்யா, இப்ப மிதிங்க" என்றேன். அதற்குள் ஆட்கள் இரண்டு கட்டுகளை இறக்கிவிட்டு வேறு கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மிதித்தார். கிளம்பிவிட்டது! அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரியநாதா, ஒனக்கு ஒடம்பு சரியில்ல. ரெண்டு நாள் படுத்துக்க" என்றார்.

குளுவாங்கில் ஒரு சீனன் பட்டறை இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டேன். ஒரு நாள் முழுக்க வைத்திருந்தான். மிதிக்கும் போதெல்லாம் கிளம்பியது. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தான், காயிலைப் பார்த்தான், பாயிண்டைத் தேய்த்தான். கடைசியில் சிரித்துக்கொண்டே, "லு புன்யா லோரி பாகுஸ் லா" என்றான். உன் லாரி நன்றாகத்தான் இருக்கிறதாம்! நான் அவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். வைத்தியர் முன்னால் இருமலை மறைக்கிற நோயாளி மாதிரி அந்த லாரி என்னை ஊர் முன்னால் பொய்யனாக்குகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கோவிலுக்குப் போவதில்லை. லாரிக்கு அடியில் கிடக்கிறேன். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்கிறேன். சிங்கப்பூரில் ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. எத்தனை பேர் எதையெதை ஒட்டு வேலை செய்தார்களோ. ஆனால் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்தால் உன் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீயும் தலை நிமிர்ந்து லயத்துக்குள் வரலாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மரியநாதன்


மூவார்
2 மே 1935

மரியநாதன் அவர்களுக்கு,

மெஷின் வந்து சேர்ந்தது. கால்மிதிப் பட்டை அறுந்திருந்தது. அண்ணன் புதிது போட்டுக் கொடுத்தார்.

பெரிய வியாழன் அன்று கோவிலில் பாதம் கழுவும் சடங்கு நடந்தபோது என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஆற்றுப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் அவளை நீங்கள் தோளில் தூக்கிக் காட்டினீர்கள். "சாமியாருக்கு ஏன் செருப்பு இல்ல?" என்று அவள் சத்தமாகக் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்கு அது நினைவிருக்குமோ என்னவோ.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பேட்டரி இருக்கிறது, காயில் இருக்கிறது, சீனன் இருக்கிறான், கிராணி இருக்கிறார். அவள் பெயரைத் தேடினேன். ஓர் இடத்திலும் இல்லை. அவள் குழிமேல் புல் வளர்ந்திருக்கும். அதை யாராவது பிடுங்குகிறார்களா? சிலுவை சாய்ந்திருந்ததே, நிமிர்த்தினீர்களா? ஞாயிற்றுக்கிழமை லாரிக்கு அடியில் கிடக்கிற மனிதருக்கு அங்கே போய்வர முடியாதா?

நான் தலை குனிந்து எங்கும் நடக்கவில்லை. ஆகையால் நிமிர்த்த வேண்டிய அவசியமும் இல்லை.

டொரத்தி


பாலோ
27 மே 1935

என் உயிருக்குயிரான டொரத்திக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! இந்தக் கடிதத்தைக் கிரகோரிக்கும் படித்துக்காட்டு.

சரக்கு ஏறி, பின்சக்கரம் பள்ளத்தில் நின்றால்தான் கிளம்புவதில்லை என்பது போன மாதமே எனக்கு உறைத்தது. வேண்டுமென்றே அதே சரக்கை ஏற்றி, அதே புகைக்கொட்டகை ஓரத்தில், அதே பள்ளத்தில் நிறுத்தினேன். மிதித்தேன். ஊமை. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை, எதையும் அசைக்கவில்லை. ஒரு விளக்கில் இரண்டு வயரைக் கட்டிக்கொண்டேன். ஒரு வயரைப் பேட்டரியில் வைத்து, மறு வயரால் லாரியின் அடிச்சட்டத்தைத் தொட்டேன். விளக்கு எரிந்தது. அதே வயரால் என்ஜினைத் தொட்டேன். எரியவில்லை! அடிச்சட்டத்துக்கு வருகிற கரண்டு என்ஜினுக்கு வரவில்லை. முன்விளக்குகள் சட்டத்தோடு சேர்ந்தவை, அதனால் எரிந்தன. செல்பும் பிளக்கும் என்ஜினோடு சேர்ந்தவை, அதனால் செத்துக் கிடந்தன.

காரணம் கேள். என்ஜின் அதிர்கிறது என்று முன்னே யாரோ ஒருவன் அதன் கால்களுக்கு அடியிலும் ஆணிகளைச் சுற்றியும் ரப்பர் வெட்டி வைத்திருக்கிறான். ரப்பரில் கரண்டு ஓடாது. அப்புறம் என்ஜினையும் சட்டத்தையும் இணைக்க இருந்தது ஒரே ஒரு செம்புப் பட்டை. அது உள்ளுக்குள் அறுந்து, மேலே சுற்றிய துணி நாடாவால் தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் இல்லாதபோது இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். பாரம் ஏறிச் சட்டம் வளைந்தால் ஒரு நூல் அளவு விலகும். அவ்வளவுதான். ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால் டைனமோவே கரண்டு கொடுத்துவிடும், அதனால் வழியில் நின்றதே இல்லை.

கிராணியைக் கூப்பிட்டேன். துரையும் வந்தார். லயத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் மிதித்தேன், கிளம்பவில்லை. ஒரு கம்பியை எடுத்து என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டு கிராணியை மிதிக்கச் சொன்னேன். புலி மாதிரி உறுமிக்கொண்டு எழுந்தது. துரை என் தோளைத் தட்டினார். கிராணி, "மன்னிச்சுக்கப்பா, நாங்க தப்பா நெனச்சுட்டோம்" என்றார். காளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தச் சாயங்காலம் சரக்கை இறக்கியிருந்தால் கிளம்பியிருக்கும். அது யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. என்மேல் குற்றமில்லை என்று இப்போது தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. புதுப் பட்டை போட்டாகிவிட்டது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் ஒரே மிதிதான்.

இனி என்ன தடை? சனிக்கிழமை லாரியோடு குளுவாங்கில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு வந்து நிற்கிறேன். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் எழுது.

உன்னுடைய,
மரியநாதன்


மூவார்
15 ஜூன் 1935

மரியநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக்காட்டினேன். "அப்படியா, அந்த மனுசன் சொன்னது நெசந்தானா" என்று கேட்டார். பிறகு, "நான் பேசினது தப்பு. எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். நீங்கள் கேட்ட மன்னிப்பு கிடைத்துவிட்டது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். ஒரே முறைதான் எழுதுவேன்.

லாரி கிளம்பவில்லை என்று தெரிந்ததும் நான் என்ன சொன்னேன்? "குளுவாங்குக்குச் சாயங்கால ரயில் இருக்கு. லாரிய விடுங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாங்க, ஸ்டேஷனுக்கு ஓடிடலாம்" என்றேன். நீங்கள் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு, "பொறு, இப்பக் கிளம்பிடும்" என்றீர்கள். மறுபடியும் சொன்னேன். "எப்பவும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடும், அவசரப்படாத" என்றீர்கள். மூன்றாவது முறை உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் திரும்பாமலே என் கையைத் தட்டிவிட்டீர்கள். உங்கள் கையிலிருந்த எண்ணெய் என் சேலையில் ஒட்டியது.

நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓட முடியவில்லை. ரோசலி கைக்குழந்தையில்லை, நாலு வயசுப் பிள்ளை. காளியம்மா பாதி வழி மாற்றித் தூக்கினாள். நாங்கள் ஸ்டேஷன் வாசலுக்குப் போகும்போது ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடிக்கிறேன் என்று உள்ளே ஓடினார். அவர் வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது. நீங்கள் தூக்கியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்போம். உங்கள் காலின் வேகம் எனக்குத் தெரியும். ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாளா, தெரியாது. அதை நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆள் வந்து செய்தி சொன்னபோது நீங்கள் லாரிக்கு அடியில் இருந்தீர்களாம். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைத்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். பயந்து பொய் சொல்கிற மனிதனை மன்னிக்கலாம். நீங்கள் பொய் சொல்லவில்லை. கிளம்பும் என்றே நம்பினீர்கள். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது என் பேச்சை விட்டுவிட்டு ஓர் இரும்பு வண்டியை நம்பினீர்கள். தோட்டமே கூடி உங்களைக் குற்றமற்றவர் என்று சொன்னதாமே. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை.

இந்த நாலு மாதத்தில் பட்டை எங்கே அறுந்தது என்று தேடினீர்கள். பாலோ ரோட்டில் அவள் என்ன பேசினாள் என்று ஒரு கடிதத்திலாவது கேட்டீர்களா? பேசினாள். அந்தத் தொண்டையோடும் பேசினாள். காளியம்மா அப்போது பின்தங்கியிருந்தாள், நான் மட்டும்தான் கேட்டேன். நீங்கள் கேட்பீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்தையும் அவசரமாகப் பிரித்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். நாம் இருவரும் சேர்ந்து அழுதிருப்போம்.

இனி சொல்லமாட்டேன். அது என்னோடு இருக்கட்டும். சனிக்கிழமை குளுவாங்கில் வந்து நிற்க வேண்டாம். நான் வரமாட்டேன்.

டொரத்தி


பாலோ
8 செப்டம்பர் 1935

டொரத்திக்கு,

ஜூன் மாதக் கடிதத்துக்குப் பிறகு நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கல்லறையில் புல்லைப் பிடுங்கிவிட்டேன். சிலுவையை நிமிர்த்தி அடியில் சிமெண்டு போட்டேன். லாரியை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். நானே துரையிடம் கேட்டுக் களை வெட்டும் வெளிக்காட்டு வேலைக்கு மாறிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மூவாருக்கு வந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். கோவிலுக்கு எதிர்ப்பக்கம், சாப்பாட்டுக் கடை ஓரம் நின்றேன். பூசை முடிந்து உன் அண்ணன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீ வெளியே வந்தாய். அந்தப் பிள்ளை ஏதோ சொல்லிற்று. நீ குனிந்து கேட்டுவிட்டுச் சிரித்தாய். நான் எதிரே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. நீங்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ரோட்டில் பிள்ளை என்ன பேசினாள் என்று காளியம்மாவைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது தம்பி. நான் பின்னால வந்தேன். எட்டிப் பார்த்தப்ப அவ பிள்ளையோட வாய்க்கிட்ட காத வெச்சுக்கிட்டு நடந்துக்கிட்டிருந்தா" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

நேற்றுச் சாயங்காலம் புகைக்கொட்டகையிலிருந்து பாலோ ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். லாரியில் ஆயிரம் முறை போன ரோடு. நடந்தது இதுதான் முதல் முறை. ஏற்றம் இருக்கிறது, டொரத்தி. லாரியில் போகிறவனுக்கு அது தெரியாது. மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம் நிழலே இல்லை. நீ எப்படித் தூக்கிக்கொண்டு போனாய்?

எந்த இடத்தில் பேசினாள் என்றாவது தெரியும் என்று நினைத்து ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரயில் வந்து நின்று போகும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று நீ எழுத வேண்டாம். எந்த இடம் என்று மட்டும் சொல்.

மரியநாதன்